லென்ஸ் உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி

சின்ன காஞ்சிபுரம்
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கடைக்கே வந்து சேர்ந்தது. திருப்புட்குழிப் பெண்ணையே பேசி முடித்துவிடுங்கள், வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும், பிரித்துப் போட்டிருந்த சுவர்க் கடிகாரத்தை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. உன் அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். அவள் இல்லாததால் எதிர்க்கடை சோடாக்காரரிடம் சொன்னேன். "முப்பது வயசு ஆவுது, இப்பவாவது மனசு வந்துச்சே உம் புள்ளைக்கு" என்று சிரித்து, ஒரு கலர் சோடாவை உடைத்து என் கையில் திணித்தார். சந்தோஷமாகத்தான் குடித்தேன். திரும்பி வந்து கடிதத்தை இரண்டாம் தடவை எடுத்தபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. "கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் யாரையும் கூப்பிடாதீங்கப்பா. படம் எதுவும் வேணாம்" என்று எழுதியிருக்கிறாய்.

அதை நீ கோபமாக எழுதவில்லை. கோபமாக எழுதியிருந்தால் எனக்குப் பழக்கமான விஷயம். பதிலுக்கு நானும் இரண்டு வரி சூடாக எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சமையலுக்கு எத்தனை பேர் வைக்கலாம் என்று கேட்கிற அதே கையெழுத்தில், அதே மையில், சாதாரணமாக எழுதியிருக்கிறாய். ஒன்பது வருஷமாக ஒருவன் தன்னைக் குற்றவாளி என்று நம்பி நம்பி அது பழகியே போய்விட்டால் இப்படித்தான் எழுதுவான். அந்தக் குற்றம் உன்னுடையது இல்லை, சேகர். என்னுடையது. இதை எனக்குத் தெரிந்தே ஐந்து வருஷம் ஆகிறது. நீ தாலியை எடுத்துக் கட்டுவதற்கு முன்னால் இது உன்னிடம் வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். நடுவில் எழுந்து போகாதே என்று சொல்ல வந்தேன். நம் வீட்டில் நடுவில் எழுந்து போகிறவன் நீ இல்லை, நான்.

கரீம் பாயிடம் அந்த சினிமா கேமரா வந்து சேர்ந்த நாள் உனக்கு நினைவிருக்கும். கல்யாண வீடுகளுக்கு மைக்செட்டும் லைட்டும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மனுஷர், மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பதினாறு எம்.எம். கேமராவைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆசைக்கு வாங்கினாரே தவிர அவருக்கு அதை ஓட்டத் தெரியாது. நீ பி.யு.சி. முடித்து, பாயிடம் ஒயர் சுற்றுகிற வேலையில் இருந்தாய். கேமராவோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்து எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தாய். காலியான கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு வரதர் கோயில் குளத்தங்கரையைச் சுற்றிச் சுற்றி நடப்பாய். "ஒரு கல்யாணம் நல்லா எடுத்துக் குடுடா சேகரு. அதைக் கொண்டுபோய்க் காட்டி உன்னைக் கோடம்பாக்கத்துல என் மச்சான்கிட்ட கேமரா அசிஸ்டென்ட்டா சேத்து வுட்டுர்றேன்" என்று பாய் சொன்ன அன்று நீ ராத்திரிச் சோறு சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் சாப்பிடாமல் படுத்தவனை அன்றுதான் பார்த்தேன்.

ஜரிகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் அமைந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில், கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், லென்ஸின் நம்பர் வளையம் கழன்றுகொண்டது. பெரிய கை போட்ட சின்ன வளையல் மாதிரி இல்லை, சின்னக் கை போட்ட பெரிய வளையல் மாதிரி லொடலொடவென்று சுற்றியது. அது சுற்றியதே தவிர, உள்ளே வெளிச்சத்தை அளந்து விடுகிற தகடுகள் அசையவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எந்த இடத்தில் நான் தவறினேன் என்பதை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். விடிந்ததும் விடியாததுமாக வேலையில் உட்கார்ந்தேன். வளையத்தைப் பிடித்துக்கொள்ள மூன்று திருகுகள். தலை கிடையாது, உன் அம்மாவின் மூக்குத்தித் திருகாணியைவிடச் சின்னவை. மூன்றையும் கழற்றினேன். வளையத்துக்கும் உள்குழலுக்கும் நடுவே தேய்மானம் இருந்தது. பக்கத்து வீட்டுத் தறியிலிருந்து ஒற்றைப் பட்டிழை வாங்கி வந்து, அரக்கு தொட்டு, குழலின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் வளையத்தை ஏற்றினேன். ஆட்டம் நின்றுவிட்டது. காஞ்சிபுரத்துப் பட்டை வைத்துச் சீமை லென்ஸை மடக்கிவிட்டேன் என்று எனக்குள்ளேயே முதுகில் தட்டிக்கொண்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் தலைக்கு ஏறியதுதான் வினை.

மிச்சமிருந்தது ஒரே வேலை. தகடுகளை முழுசாகத் திறந்து, வளையத்தில் இருக்கிற மிகச் சின்ன எண்ணான 1.9-ஐ லென்ஸ் உடம்பில் இருக்கிற குறிக்கு நேராக நிறுத்தி, மூன்று திருகுகளையும் முறுக்க வேண்டும். குறி எது? கறுப்பு உடம்பில் ஓரமாக ஒரு சின்னக் குழி, அதில் பளிச்சென்று ஒரு சிவப்புப் புள்ளி. கம்பெனிக்காரன் வைத்த குறி என்று நினைத்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதற்கு நேராக நிறுத்தி முறுக்கினேன். அப்போது நீ குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றாய்.

"அப்பா, கோட்டுல வச்சீங்களா? கோட்டுல பெயின்ட் போயிருக்குது, சட்டுனு கண்ணுக்குத் தெரியாதுபா. ஒரு தபா நான் பாத்துக்கட்டுமா?"

இவ்வளவுதான் நீ கேட்டாய். குரல்கூட உயரவில்லை. நான் என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "நீ பொறக்கறதுக்கு முன்னாலிருந்து ஸ்குரு புடிக்கிறவன்டா நானு. எனக்கே சொல்லிக் குடுக்க வந்துட்டியா? முகூர்த்தத்துக்கு நேரமாவுது, எடுத்துக்கினு கெளம்பு!" என்று கத்தினேன். சமையலறையிலிருந்து உன் அம்மா, "கொழந்த கேக்கறான் இல்ல, ஒரு வார்த்த பதில் சொன்னா இன்னா கொறஞ்சு பூடும்?" என்றாள். அவளுக்கும் சேர்த்து ஒரு முறைப்பு. நீ லென்ஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டாய்.

அன்று நீ வேலை செய்ததை நான் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதையும் உன்னிடம் சொன்னதில்லை. அவ்வளவு கூட்டத்தில் யார் காலையும் மிதிக்காமல், யாரையும் "இப்படி நில்லு, அப்படி நில்லு" என்று விரட்டாமல், எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் முன்னால் வளையத்தைத் திருப்பி, நோட்டில் எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் கண்ணில் வைத்தாய். தாலி கட்டி, பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தல் மறைத்து இருண்டிருந்த வீட்டு வாசலுக்கு வந்தபோது, பெண்ணின் தாயார் உன் அம்மாவைத்தான் ஆலம் சுற்றக் கூப்பிட்டாள். அவள் தன் கூரைப் புடவையைக் கட்டிக்கொண்டு, தட்டில் கற்பூரம் ஏற்றி நின்றாள். நீ கேமராவோடு உட்கார்ந்த இடத்திலிருந்து அவளைப் பார்த்து ஏதோ சைகை செய்தாய். எனக்கு அப்போது நெஞ்சு நிறையப் பெருமை. அதை வாயால் சொல்லியிருந்தால் வாய் வெந்தா போயிருக்கும்?

மெட்ராஸில் கழுவி வந்த படத்தை ஜரிகைக்கடைக்காரர் வீட்டில்தான் போட்டுப் பார்த்தோம். ஞாயிறு மத்தியானம், ஜன்னல்களையெல்லாம் மூடி, புது வேட்டியைச் சுவரில் கட்டி, தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. பாய் புரொஜெக்டரை ஓட்டினார். வேட்டியில் இருட்டு. இருட்டுக்குள் எங்கேயோ ஏதோ அசைகிற மாதிரி ஒரு மினுமினுப்பு, மறுபடியும் இருட்டு. கடைசிவரை அவ்வளவுதான். "இன்னாய்யா இது, கல்யாணத்த எடுக்கச் சொன்னா அமாவாசைய எடுத்துக்கினு வந்திருக்கான் உம் புள்ள!" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நீ எழுந்து நோட்டை நீட்டி, "எல்லாம் கரெக்டா எழுதி வச்சிருக்கேம்பா, நீங்களே பாருங்க" என்றாய். பாய், "அரே, பையன் மேல தப்பு இருக்காதுப்பா. கேமராவுல ஏதாச்சும் கோளாறு இருக்கும்" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அதைக் கடைசியாகக் கழற்றி முறுக்கியவன் நான் அல்லவா? "வெளிச்சம் பாக்கத் துப்பில்லாதவனுக்கு கேமரா எதுக்குடா?" என்று தெரு முழுக்கப் பார்க்க உன்னை அறைந்தேன். இருபத்தொரு வயதுப் பிள்ளையை. நோட்டைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். நீ கன்னத்தைத் தடவக்கூட இல்லை. கழற்றி வைத்திருந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாய். கடைக்காரர் அந்த ரீலை, "நீயே எடுத்துக்கினு போ" என்று என்னிடம் தள்ளினார்.

பாய் இரண்டு தடவை வந்து கூப்பிட்டும் நீ கேமராவைத் தொடவில்லை. மூன்றாம் மாதம் நாக்பூரில் ரயில்வே குடோனில் வேலை என்று கிளம்பினாய். நல்ல வேலைதான், பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீ போய் நாலு வருஷம் கழித்து, பாய் கடையை மூடிவிட்டு வாலாஜாவில் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். கேமராவை யாருக்கோ கொடுத்துவிட்டு லென்ஸை மட்டும் என்னிடம் கொண்டுவந்தார். "இது சேகருக்குன்னு வச்சதுப்பா. அவன் வந்தா குடு" என்றார். கொடுக்கிற பொருளைச் சுத்தமாகக் கொடுப்போம் என்று பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். சிவப்புப் புள்ளி பஞ்சோடு வந்துவிட்டது. பெயின்ட் அப்படி வராது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாக இழுபட்டது. சந்தனத்தில் ஒட்டிக் காய்ந்த குங்குமம். அந்தக் கல்யாணத்துக்கு முந்தின ஆயுத பூஜைக்கு அந்த லென்ஸ் என் மேஜையில்தான் இருந்தது. இடுக்கி, சுத்தி, எண்ணெய்க் குப்பி, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த உன் அம்மா அதற்கும் வைத்தாள். "அது பாயோடதுடி" என்றேன். "பாய் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சுண்டல் இன்னும் கொஞ்சம் கேப்பாரு, அவ்ளோதான்" என்றாள். அப்படித்தான் கேட்டார். மறுநாள் பொட்டையெல்லாம் துடைத்தவன் நான். ஒரு குழிக்குள் ஒட்டியதைத் துடைக்காமல் விட்டவனும் நான். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு தேடினேன். நீ சொன்ன கோடு இருந்தது, கறுப்பில் கறுப்பாக, அந்தக் குழியிலிருந்து இரண்டு எண் தள்ளி. நீ 1.9-ஐக் கோட்டுக்கு நேராக வைத்து, முழுசாகத் திறந்ததாக நினைத்தாய். நான் முறுக்கி வைத்த லட்சணத்தில் தகடுகள் பாதிகூடத் திறக்கவில்லை.

அன்றே உனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. உன் அம்மாவின் கைப் பொட்டால் வந்த வினை என்று தெரிந்தால் அவள் மனசு கஷ்டப்படும், அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறும் சாக்கு. அவள் கஷ்டப்படுகிறவளா? வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள், பிறகு என் கையில் பேனாவைக் கொடுத்து, எழுதி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அதற்குத்தான் பயந்தேன். கல்யாண வீட்டு இருட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவள், "என் புள்ள தப்பா எடுத்திருக்க மாட்டான்" என்பாள். நான் வாட்சுக்குச் சாவி கொடுப்பேன். மூன்று வருஷம் இப்படிச் சாவி கொடுத்தேன். அவள் தெரிந்துகொள்ளாமலேயே போய்விட்டாள்.

அவளுடைய பத்தாம் நாளன்று நீ என்னிடம் கேட்டாய்: "அம்மா படம் ஏதாவது இருக்குதாப்பா?" எங்கள் கல்யாண குரூப் போட்டோவில் அவள் தலை குனிந்திருப்பாள், வகிடு மட்டும்தான் தெரியும். வேறு கிடையாது. "இல்லடா" என்றேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "இருந்திருக்கும். நான்தான் கெடுத்துட்டேன்" என்றாய். சேகர், என் வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. வாயைத் திறந்து, "சோறு ஆறுது, வா" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலம் உன்னை அறைந்தது என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. இதுதான்.

உன் கடிதம் வந்த மறுநாள், வரப்போகிற பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று உன் அம்மாவின் கூரைப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மடிப்புக்குள் உன் நோட்டு இருந்தது. நான் எறிந்ததை அவள் எடுத்து வந்து, துடைத்து, பத்திரப்படுத்தியிருக்கிறாள். அதை எடுத்துக்கொண்டு நேராக ஜரிகைக்கடைக்குப் போனேன். நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்று உன்னை அறைந்ததும் பலபேர் முன்னால்தான் என்பதால், "அன்னைக்குப் படம் கெட்டதுக்கு எம் புள்ள காரணம் இல்ல, என் கைவேலதான் காரணம்" என்று நின்றபடியே சொன்னேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அட, அதுவா? எம் பொண்ணுக்கே ஞாபகம் இருக்காதுய்யா, மூணு புள்ள பெத்துட்டா. உக்காரு, காப்பி சாப்புடு" என்றார். தெரு முழுக்க எப்போதோ மறந்துவிட்ட விஷயத்தைத்தான் நீ மட்டும் நாக்பூர்வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து, இத்தனை நாளும் கடை இழுப்பறையில் பழைய ஸ்பிரிங்குகளுக்கு அடியில் கிடந்த ரீலை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, வாட்சைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நோட்டில் கடைசிக்கு முந்தின வரியில் எழுதியிருக்கிறாய்: "ஆலம். அம்மா. 1.9. கற்பூர வெளிச்சம் இருக்கு, கிடைக்கும்." அந்த இடம் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் இருட்டு. பிறகு கற்பூரம். அதற்கு மேலே மூக்குத்தி, ஒரு கன்னம், புடவையின் ஜரிகை, பல்வரிசை. மொத்தம் முப்பத்தேழு கட்டம் எண்ணினேன். ஓட்டினால் இரண்டு வினாடி இருக்குமோ என்னவோ. அத்தனை கட்டத்திலும் மாப்பிள்ளையைப் பார்க்காமல் நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். நேராக இருந்தது நீ. நான் கெடுத்து வைத்த லென்ஸிலும் உன் அம்மாவை நீ பிடித்திருக்கிறாய். படத்தைச் சுருட்டி அவள் புடவைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வந்து நீயே பார்.

கல்யாணத்துக்குப் போட்டோக்காரரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று இனி நீதான் சொல்ல வேண்டும். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை, கேட்கவும் போவதில்லை. அப்பன் என்கிற உரிமையில் ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கு உன் பெண்டாட்டியோ பிள்ளையோ உன் வேலையைப் பார்த்து, "இது சரியா?" என்று கேட்டால், கத்தாதே. திருகைக் கழற்றிக் காட்டிவிடு. ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடித்துத்தான் நான் உன்னைத் தொலைத்தேன்.

அன்று காலை ஈரத் தலையோடு நின்று நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "அப்பா, கோட்டுல வச்சீங்களா?" என்று கேட்டாய்.

இல்லடா கண்ணு. கோட்டுல வைக்கல.

உன் அப்பா